ஊரே ஏசும் கச்சான்

ஞாயிறு வேதக்கோயில் பூசை முடிந்தால் நாங்கள் நாலு பேர் மன்னார்க் கரையில் இருக்கிற வங்காலையில் என் அண்ணனுடைய பொக்ஸ் கொட்டிலில் கூடுவோம். அண்ணன் திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கிறவர். கொட்டில் முழுக்க ஆளுயரப் பொக்ஸ்கள். பழுதாய்ப்போன இரண்டைப் படுக்கப் போட்டு, அவற்றின்மேல் இருந்துகொண்டுதான் எங்கள் கதை நடக்கும். கதை என்றால் பாட்டுக் கதை மட்டும்தான். எந்தத் திருவிழாவுக்கு எந்தக் கோஷ்டி வந்தது, லீட் கிற்றார்காரன் எந்த இடத்தில் கோட்டைவிட்டான், கொழும்பில் நடந்த நிகழ்ச்சியில் பாடகன் உண்மையாகப் பாடினானா, வாயை மட்டும் அசைத்தானா என்று மத்தியானச் சோறு ஆறும்வரைக்கும் கதைப்போம். சாமான் விலை ஏறினாலும் ஆட்சி மாறினாலும் அந்தக் கொட்டிலுக்குள் அது செய்தியில்லை.

உயிலங்குளத்து மாஸ்டர் மோட்டார்சைக்கிளில் வருவார். வயல்காரக் குடும்பம், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறார். பூசைக்கு வருகிறவர் இல்லை, பாட்டுக்கு வருகிறவர். வாழ்நாளில் ஒரு வாத்தியத்தையும் மடியில் வைத்ததில்லை. ஆனாலும் கிற்றாரைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் கிற்றாருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிடும். மற்றவன் முப்பது வயசுப் பெடியன், சொந்தமில்லை, தம்பி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். மன்னார் டவுனில் போன் கடையொன்றில் வேலை, ஒரு கோஷ்டியில் பேஸ் கிற்றார் அடிக்கிறான். நாலாவது ஆள் நான். கோயில் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிக்கிறவள். கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர் பள்ளிக்கூடக் காலத்தில் பழக்கிவிட்டது. மற்ற மூன்று பேரையும்விட எனக்குக் கிற்றார் நன்றாகத் தெரியும். இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வேறு ஒருத்தரும் சொல்லப்போவதில்லை. கோயிலில் வாசித்தால் அது பக்தி. அதே கிற்றாரைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஏறினால் ஆட்டக்காரி. நான் மேடை ஏறவில்லை.

எங்கள் கொட்டிலுக்கு ஒரு சட்டம் இருந்தது. போட்டது மாஸ்டர். ஒரு பாட்டு ஒலித்தால் அதைப் புகழ்வதற்கோ பழிப்பதற்கோ முதல், யாராவது ஒருவர் "ஆற்ர பாட்டு?" என்று கேட்க வேண்டும். யாருடைய பாட்டு என்றால், எழுதியவர் யார், மெட்டுப் போட்டவர் யார் என்பதுதான் பதில். பாடியவரின் பெயரைச் சொல்லிவிட்டால் குற்றம்.

"பாடினவர் வாயைக் குடுத்தவர். பெத்தவர் ஆர் எண்டதுதான் கேள்வி" என்பார் மாஸ்டர், கணக்குக்கு விடை சொல்கிற குரலில்.

குற்றம் செய்தவர் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். தம்பி அடிக்கடி குற்றம் செய்வான், அண்ணன் எப்போதும் செய்வார். ஆனால் யார் குற்றம் செய்தாலும், "பிள்ளை, அந்தத் தேத்தண்ணியை ஊத்திக்கொண்டு வா" என்று அண்ணன் என்னைத்தான் பார்ப்பார். நானும் சிரித்துக்கொண்டு எழும்பிப் போவேன். அந்தக் காலத்தில் எனக்கு அது பகிடியாகத்தான் தெரிந்தது.

பாட்டெழுதுகிறவர்கள்மேல் அப்படி ஒரு பக்தி எங்களுக்கு. இந்தியாவிலும் கொழும்பிலும் கனடாவிலும் இருக்கிற பாட்டெழுதுகிறவர்கள் எந்த வருசம் யாரோடு கோபித்துக்கொண்டார்கள் என்பதுவரை மாஸ்டருக்குத் தெரியும். பெயர் வெளியே வராமல் யாருக்கோ மெட்டுப் போட்டுக் கொடுத்து ஏமாந்த ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும். "அநியாயம்" என்று சொல்லித் தொடையில் தட்டுவார். நாங்களும் சேர்ந்து அநியாயம் என்போம்.

என் பாட்டு ஒரு கச்சான் காலத்தில் வந்தது. கச்சான் என்றால் மற்ற ஊர்க்காரர் வறுத்த நிலக்கடலையை மட்டும்தான் நினைப்பார்கள். நாங்களும் திருவிழாவில் அதை வாங்கித் தின்கிறவர்கள்தான். ஆனால் கடற்கரையில் ஒரு மனிசன் மேற்கே பார்த்துவிட்டு "கச்சான் எழும்பிட்டுது" என்று சொன்னால் அதில் தின்ன ஒன்றும் இல்லை. அது காற்று. அது அடித்தால் எங்கள் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் மணலில் ஏறிவிடும், வீடுகளில் உலை குறையும். ஆம்பிளைகள் சும்மா இருந்து சீட்டு விளையாடுவார்கள், பெண்டுகள் காற்றைத் திட்டுவார்கள். கெட்டிக்காரர்கள் மற்றக் கரையில் போய், வாடி என்று ஒரு தற்காலிகக் கொட்டில் போட்டுத் தொழில் செய்வார்கள். என் கணவர் போகமாட்டார். அவர் ஓலைத்தொடுவாயில் பிறந்தவர், கலியாணம் கட்டி இங்கே வந்தவர். "ஒருக்கா ஊர் மாறினது காணும்" என்பார். சோம்பேறி என்று அண்ணன் சொல்வார். சோம்பேறிதான். கச்சான் வீசுகிற நாள்களில் வீட்டு வாசலில் இருந்து கிழிந்த வலை பொத்துவார், பொத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் கிற்றார் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றக் காலத்தில் நான் எழும்பமுதல் கடலுக்குப் போய், நான் சமைத்து முடிக்கும்போது வந்து, சாப்பிட்டதும் படுத்துவிடுகிற மனிசன். கச்சானில்தான் எனக்கு அவர் முழுசாகக் கிடைப்பார். காசில்லாமல் இருந்த அந்த வாரங்களில் நான் சந்தோசமாக இருந்தேன். இதை வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று பாட்டாகச் சொன்னேன்.

ஊரே ஏசும் கச்சானே,
நான் மட்டும் உன்னை ஏசேனே,
நீ வந்து நின்றால் வள்ளம் கரையில்,
வள்ளக்காரன் என் வாசலில்.

இவ்வளவுதான் பல்லவி. கச்சான் என்று எழுதினால் மச்சான் என்று கை தானாகப் போகும். நான் விடவில்லை. கச்சானுக்கு மச்சானை எதுகை போடுகிறவர்களைப் பார்த்துக் கொட்டிலில் நாங்கள் எத்தனை தரம் சிரித்திருக்கிறோம். மச்சானைத் தள்ளிவிட்டு "ஏசேனே" என்ற சொல்லைப் பிடிக்க எனக்கு இரண்டு நாள் சென்றது. பிடித்தபோது உலையில் சோறு அடிப்பிடித்தது. அவர் அந்தச் சோற்றை ஒன்றும் சொல்லாமல் தின்றார்.

அடுத்த ஞாயிறு கொட்டிலில் வாசித்துக் காட்டினேன். அன்றைக்கு என் கணவரும் வந்து வாசலில் ஒரு பொக்ஸின் ஓரத்தில் இருந்தார். பாட்டுக்காகவெல்லாம் வருகிறவர் இல்லை. எனக்குத் துணைக்கு வந்தார். தம்பி போனில் பதிந்தான். முடிந்ததும் சட்டப்படி அண்ணன் கேட்டார்.

"ஆற்ர பாட்டு?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வாசலில் இருந்த என் மனிசன்தான் சொன்னார்:

"அவவின்ர பாட்டு. அவதான் எழுதினது, மெட்டும் அவதான்."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார், இருமல் கலந்த சிரிப்பு. அதுவும் தம்பியின் போனில் பதிந்தது. மாஸ்டர், "'ஏசேனே' நல்லா வந்திருக்கு அக்கா" என்றார். அண்ணன், "கோயில் புத்தகத்தில இருந்து எடுத்ததோ எண்டு நினைச்சன்" என்றார். பிறகு பேச்சு வேறு பாட்டுக்குப் போய்விட்டது. எனக்கு அதுவே பெரிய விசயமாக இருந்தது. அந்தக் கிழமை முழுக்க நான் பறந்துகொண்டிருந்தேன் என்று சொன்னால் பொய் இல்லை.

அடுத்த கச்சானுக்கு அவர் இருக்கவில்லை. நெஞ்சு நோகுது என்று சொன்னார், மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பிக் கொண்டுவந்தது உடம்பைத்தான். நான் கிற்றாரை உறையில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்தது. முந்தி கிழமைக்கு ஒருக்கால் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பேன். துடைக்கவில்லை. ஒரு வருசத்துக்கு மேல் நான் கொட்டில் பக்கம் போகவும் இல்லை.

ஆண்டுத் திவசம் முடிந்த பிறகு அண்ணிதான் வற்புறுத்தி அனுப்பினா. போனேன். அண்ணன் புதுசாக வாங்கிய பொக்ஸைச் சோதிப்பதற்கு ஒரு பாட்டைப் போட்டிருந்தார். தெருவிலேயே கேட்டது. முன்னால் கிற்றார், என் கை போகிற வழியிலேயே போகிறது. மெட்டு என்னுடையது. ஒரு சுரம்கூட மாறவில்லை. நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு குரல் வந்தது.

ஊரே பேசும் கச்சானே,
உனக்கும் வேணுமா மச்சானே...

அதற்குமேல் ஒரு கடைக்காரி, அவள் கண், கடலை சுற்றித் தருகிற கடுதாசிச் சரை, உப்பு, வறுத்த நெஞ்சு என்று என்னென்னவோ. ஊரே ஏசும் என்பதைப் பாடினவன் ஊரே பேசும் என்று மாற்றியிருந்தான். மாற்றாமல் என்ன செய்வான்? கடலையை எந்த ஊர் ஏசும்? கச்சான் காற்றென்று தெரியாதவனுடைய கையில் அந்தச் சொல் போயிருக்கிறது. அவனுக்குத் தெரிந்த கச்சானை அவன் வறுத்துவிட்டான். மச்சானும் வந்து ஒட்டிக்கொண்டார்.

உள்ளே போய் நானே கேட்டேன்.

"ஆற்ர பாட்டு?"

மாஸ்டர் உற்சாகமாக, கொழும்பில் இப்போது பேர் எடுத்திருக்கிற ஒரு பாடகரைச் சொன்னார். "எழுத்தும் அவர்தான், மெட்டும் அவர்தான். ஆள் வலு கெட்டிக்காரன் அக்கா. வீடியோ பாத்தனீங்களோ? கச்சான்காரி ஒருத்தி..."

"அது என்ர பாட்டு" என்றேன்.

பொக்ஸில் அந்தப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. அண்ணன் சத்தத்தைக் குறைத்தார்.

"கொஞ்சம் அது மாதிரித்தான் கிடக்கு" என்றார் அண்ணன்.

"மாதிரி இல்லை அண்ணை. அதேதான். இதே இடத்தில இருந்துதானே வாசிச்சனான்?"

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "அக்கா, குறை நினையாதேங்கோ. உலகத்தில இருக்கிற பாட்டில பாதி இந்த நாலு கிற்றார் கோர்ட்டுக்குள்ளதான். ஒண்டைப்போல ஒண்டு வாறது சகசம்."

"மெட்டு சரி, சொல்லுமோ மாஸ்டர்? கச்சான் எண்ட சொல்லும் சும்மா வந்து விழுந்ததோ?"

"அது கடலைதானே" என்றார்.

நாலு கோர்ட் கதையை அதற்குமுதல் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கனடாவிலோ சென்னையிலோ எவனோ மெட்டுத் திருடினான் என்றால் தொடையில் தட்டுகிற மனிசன், வங்காலையில் கண்முன்னால் திருட்டுப் போனதற்குக் கணக்குப் படிப்பிக்கிறார். எனக்கு அப்போது வந்த கோபத்தை எழுதினால் கடுதாசி பற்றும்.

தம்பி மட்டும் போனைத் தடவிக்கொண்டிருந்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவனாகச் சொன்னான்.

"நான் கொழும்பில ஸ்ரூடியோவில வேலை செய்யிற பெடியன் ஒருத்தனுக்கு அனுப்பினனான் அக்கா. நல்லா இருக்கெண்டுதான் அனுப்பினனான். களவுக்கு இல்லை. அவன் அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான் போல."

"அப்ப அதைச் சொல்லன். வேற ஒண்டும் வேண்டாம். இது ஆற்ர பாட்டெண்டு அவருக்குச் சொல்லு."

"அவருக்கு இப்ப லட்சக்கணக்கில ஆக்கள் அக்கா. நாங்கள் சொன்னா ஆர் கேக்கப்போகினம்?"

"நீ பதிஞ்சது இருக்குத்தானே? அதில என்ர மனிசன் சொன்னதும் இருக்கு."

"அந்தப் போனை மாத்திட்டன்" என்றான்.

போன் கடையில் வேலை செய்கிறவனுக்குப் பழைய போனில் இருந்ததைப் புதுசுக்கு மாற்றத் தெரியாதாம். அதற்குள் என் மனிசனின் குரல் இருந்தது. வேறெங்கும் அது இல்லை. கலியாண வீடியோவில் பாட்டுப் போட்டு அவர் குரலை மூடிவிட்டார்கள். எனக்குக் காசு வேண்டாம், பேப்பரில் படம் வேண்டாம். இது இன்னாருடைய பாட்டு, இந்தக் காற்றுக்கும் இந்த மனிசனுக்கும் எழுதப்பட்டது என்று ஒரே ஒருக்கால் யாராவது வாய் திறந்து சொன்னால் போதும் என்று இருந்தது. சொன்ன ஒரே ஆள் மண்ணுக்குள் போய்விட்டார். மற்ற மூன்று பேரும் உயிரோடு இருந்துகொண்டு சொல்லவில்லை.

சில மாதத்தில் அந்தப் பாடகர் மன்னாருக்கு வரப்போகிறார் என்று கதை வந்தது. டவுன் மைதானத்தில் பெரிய நிகழ்ச்சி. சவுண்ட்ஸ் அண்ணனுடையது. மன்னார் மட்டும் இல்லை, வவுனியா, கிளிநொச்சி என்று அவர் போகிற ஊரெல்லாம் அண்ணனுடைய பொக்ஸ் போகும் என்று பேச்சு. அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். வந்து கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே கதைத்தார்.

"பிள்ளை, நான் அவரோட நேர கதைக்கிறன். மேடையில வச்சே சொல்லப்பண்ணுறன், இது எங்கட ஊர்ப் பாட்டு, என்ர தங்கச்சியின்ர பாட்டெண்டு. நீ மட்டும் அவசரப்பட்டு இப்ப ஒரு இடமும் ஒண்டும் எழுதிப் போட்டுடாதை. என்ன?"

"கட்டாயம் சொல்லுவியளோ அண்ணை?"

"உனக்காகச் சொல்லாமல் வேற ஆருக்காகச் சொல்லப்போறன்?"

நம்பினேன். கூடப்பிறந்தவர். அதோடு, நம்பாமல் இருக்கிறதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

நிகழ்ச்சி அன்று பின்னேரம் கிற்றாருக்குப் புதுக் கம்பி போட்டு, உறையோடு எடுத்துக்கொண்டு போனேன். மேடைக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள் என்று ஒரு நினைப்பு. இதை எழுதும்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. மைதானத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை, ஒலிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. பாடகர் நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தார். மெலிந்த உடம்பு, பணிவான கதை. அண்ணன் என்னை அவருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். என் நெஞ்சு அடித்த அடி பேஸ் பொக்ஸில் அடித்ததுபோலக் கேட்டது.

"தம்பி, இவ என்ர தங்கச்சி" என்றார் அண்ணன். நான் காத்துக்கொண்டு நின்றேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கட பாட்டெண்டா இவவுக்கு உயிர்."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு மிக்சரில் ஏதோ சத்தம் கேட்டதுபோல அந்தப் பக்கம் போய்விட்டார்.

"சந்தோசம் அம்மா" என்றார் பாடகர். "நீங்களும் கிற்றார் வாசிப்பீங்களா? கோயில்லயா?"

"ஓம். தம்பி, உங்கட கச்சான் பாட்டு எப்பிடி வந்தது?"

அவர் சிரித்தார். நிறையப் பேர் கேட்டு, நிறையத் தரம் சொன்ன சிரிப்பு. "அது ஒரு நாள் காலிமுகத்திடல்ல கச்சான் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன் அம்மா. அப்பிடியே மெட்டோட வந்துவிட்டது. கடவுள் குடுத்தது."

எங்கள் வீட்டு வாசலில் சோறு அடிப்பிடிக்க வந்த மெட்டைக் கடவுள் கொழும்புக் கடற்கரையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்! கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார். அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். எனக்குத் தொண்டைக்குள் வந்தது, என்ர பாட்டடா அது என்று. சுற்றிவரப் பெடியள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கூடப்பிறந்தவரே சொல்லாததை நான் சொன்னால் யாருக்கோ விசர், பைத்தியம் என்று இழுத்துக்கொண்டு போவார்கள். நான் வேறொன்றைச் சொன்னேன்.

"கச்சான் எண்டா இங்க காத்து, தம்பி. மேற்கால அடிக்கிற காத்து. அது அடிச்சா தொழிலுக்குப் போகேலாது."

"அப்பிடியா? காற்றா?" உண்மையாகவே அவர் கண் விரிந்தது. "அருமையா இருக்கே. தெரியாம போச்சே அம்மா."

இருட்டிய பிறகு நிகழ்ச்சி தொடங்கியது. நான் சவுண்ட்ஸ் மேசைக்குப் பக்கத்தில், மாஸ்டருக்கும் தம்பிக்கும் நடுவில் நின்றேன். மைதானத்து வாசலில் கச்சான் விற்கிறவர்கள் வரிசையாக நின்றார்கள். அந்தப் பாட்டுக்குக் கச்சான் சரையைக் கையில் உயர்த்திப் பிடிப்பது இப்போது வழக்கமாம். பாடகர் கையைக் காட்டிச் சனத்தை அமர்த்தினார். அண்ணன் எப்படியோ சொல்லியிருப்பார், இனி வரும் என்று அந்தக் கடைசி நிமிசத்திலும் நினைத்தேன்.

"மன்னார் சனங்களே! உங்க ஊர்ல கச்சான் என்று ஒரு காற்று இருக்காமே. இன்றைக்கு ஒரு அம்மா எனக்குச் சொன்னாங்க. இந்தப் பாட்டு உங்க காற்றுக்கும் சேர்த்து!"

மைதானம் இரைந்தது. சரைகள் உயர்ந்தன. மாஸ்டர் ஒன்றைப் பிடித்தார், தம்பி ஒன்றைப் பிடித்தான். கச்சான் கோது பறந்து என் தலையில் விழுந்தது. தம்பி என் கையிலும் ஒரு சரையைத் திணித்தான். "பாத்தீங்களே அக்கா, உங்களைச் சொல்லிட்டார்!" என்றான். அவனுக்கு அது போதுமாக இருந்தது. நான் கிற்றார் உறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, என் பாட்டை அவர்களெல்லாரும் பிழையாகப் பாடுவதைக் கடைசிவரைக்கும் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு கொட்டிலுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அவர்கள் நிகழ்ச்சியைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். லீட் கிற்றார் கொஞ்சம் கூடிவிட்டதாம், வெளிச்சம் நல்லதாம், பேஸ் அண்ணனுடைய பொக்ஸில் மணிமாதிரி விழுந்ததாம். பிறகு மாஸ்டர் அந்தப் பாட்டுக்கு வந்தார்.

"எனக்கு இப்பதான் பிடிபட்டது" என்றார். "கச்சான் எண்டா கடலையும்தான், காத்தும்தான். ஒரு சொல்லுக்குள்ள ரெண்டு கருத்தை எப்பிடி ஒளிச்சு வச்சிருக்கிறான் பாருங்கோ! அதுதான் பாட்டெழுதுறவன்."

அண்ணன் ஓம் என்று தலையாட்டினார். தம்பியும் ஆட்டினான்.

நான் கிற்றாரை எடுத்து வாசித்தேன். நான் எழுதியபடியே பாடினேன். "ஊரே ஏசும்" என்று தொடங்கியதும் தம்பி குறுக்கிட்டான்.

"அக்கா, அது 'பேசும்'."

கையை எடுத்தேன். கம்பி கொஞ்சநேரம் தானாக அதிர்ந்து அடங்கியது.

"ஆற்ர பாட்டு?" என்று கேட்டேன்.

மூன்று பேரையும் பார்த்துத்தான் கேட்டேன். மாஸ்டர் பாடகரின் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கீழே பார்த்தார். சட்டப்படி அது குற்றம். சட்டம் போட்டவரே செய்த குற்றம். கொட்டிலில் ஒருவரும் அதைக் குற்றமென்று சொல்லவில்லை. அண்ணன் என்னைத்தான் பார்த்தார்.

"பிள்ளை, தேத்தண்ணியை ஊத்தன்."

எழும்பினேன். குசினிப் பக்கம் போகவில்லை. கிற்றாரை உறையில் போட்டுத் தோளில் கொழுவிக்கொண்டு படலையைத் திறந்தேன். "எங்க போறாய்?" என்று அண்ணன் கேட்டது காதில் விழுந்தது. அந்தக் கொட்டிலுக்கு நான் பிறகு போனதில்லை. அண்ணனுடைய பொக்ஸ்கள் இப்போது ஊர் ஊராகப் போகின்றன. நல்லா இருக்கட்டும்.

அன்றைக்குக் கடற்கரையால் வீட்டுக்கு நடந்து வந்தேன். கச்சான் எழும்பியிருந்தது. மணல் முகத்தில் அடித்தது, கிற்றார் உறையைக் காற்று பிடித்து இழுத்தது. வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறியிருந்தன. வீடுகளின் வாசலில் ஆம்பிளைகள் சும்மா இருந்தார்கள். பெண்டுகள் வழக்கம்போலக் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டு வாசலில் அவர் இருந்து வலை பொத்தின மரக்குற்றி மட்டும் மணல் மூடிக் கிடந்தது. நான் அதில் இருந்தேன். பிறகு வாய்விட்டு, ஊரோடு சேர்ந்து, நானும் அந்தக் காற்றை ஏசினேன்.